மூன்று கிழ மாப்பிள்ளைகளும் ஒரு சுயம்வரமும்

"அம்மா, நாளைக்கு உனக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. அடுத்த வீட்டு அம்மாள் டிராக்டர் வாங்கப் போகிறாளாம். துணைக்கு நீ வருவாயா என்று கேட்டாள்" என்றாள் என் பெண்.

கையிலிருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தேன். என் ஆயுளில் நான் பெண் பார்க்கப் போயிருக்கிறேன். மாப்பிள்ளை பார்க்கப் போயிருக்கிறேன். கல்யாணமான புதிதில் மாமனாரோடு பசு மாடு பார்க்கக்கூடப் போயிருக்கிறேன். டிராக்டர் பார்க்க இதுவரையில் யாரும் என்னை அழைத்ததில்லை.

"எனக்கு அதில் என்னடி தெரியும்?"

"ஒன்றும் தெரிய வேண்டாம். பேரம் பேசும்போது பக்கத்தில் இன்னொரு பொம்மனாட்டி நின்றால் தைரியம் என்று நினைக்கிறாளோ என்னவோ!"

அது எனக்கு நியாயமாகப் பட்டது. மறுநாள் காலை காப்பி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

என் பெண் இருப்பது பென்ஸில்வேனியா மாகாணத்தில், பட்டணத்தை விட்டுத் தள்ளி ஒரு கிராமப்புறம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அங்கே அடுத்த வீடு என்றால் கூப்பிடு தூரத்தில் இராது. ஒரு சரிவைக் கடந்து போக வேண்டும். அந்த அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளை எங்கோ கலிபோர்னியாவில் இருக்கிறான். ஆறு ஏக்கர் நிலத்தில் தனி ஆளாக இருக்கிறாள். அரை ஏக்கரில் உருளைக்கிழங்கு, பீன்ஸ், தக்காளி. பாக்கி எல்லாம் புல்.

"புல்தானே, அது பாட்டுக்கு இருக்கட்டுமே" என்று நாம் நினைப்போம். நானும் அப்படித்தான் கேட்டேன். இரண்டு வருஷம் வெட்டாமல் விட்டால் புல்லோடு முள் வரும். முள்ளோடு மரக்கன்றுகள் வரும். அப்புறம் அது தோட்டமல்ல, காடு என்றாள். கூலிக்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த ஆளும் வயசாகிவிட்டது என்று நின்றுவிட்டான். குளிர்காலத்தில் வாசலிலிருந்து ரஸ்தா வரையில் பனியைத் தள்ள வேண்டும். விறகுக் கட்டைகளை இழுத்து வர வேண்டும். ஆகவே ஒரு டிராக்டர் அவசியம். புதிது வாங்கினால் ஒரு மோட்டார் கார் வாங்குகிற பணம் ஆகும். அதனால் பழசு.

பழசு என்றால் எவ்வளவு பழசு என்று நினைக்கிறீர்கள்? அறுபது, எழுபது வயசு! வாங்குகிறவளுக்கும் வாங்கப்படுவதற்கும் ஏறக்குறைய ஒரே வயசு. இந்தக் கிழ யந்திரங்களுக்கு இன்றைக்கும் புது உதிரி பாகங்கள் செய்து விற்கிறார்கள். தபாலில் எழுதிப் போட்டால் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது. நம் வீட்டு மிக்ஸிக்கு மூன்று வருஷம் கழித்து ஒரு பிளேடு வாங்க நாம் படுகிற பாட்டை நினைத்துக்கொண்டேன்.

காரில் போகும் வழியில் ஆமிஷ் ஜனங்களின் வயல்களைப் பார்த்தேன். அவர்கள் டிராக்டரை வயலில் இறக்குவதில்லை. குதிரையும் கோவேறு கழுதையும்தான். "இவர்களுக்குத் தொல்லையே இல்லை" என்றேன். "கோவேறு கழுதைக்கு ஞாயிற்றுக்கிழமையும் தீனி போட வேண்டும். டிராக்டருக்கு வேண்டாம்" என்றாள் அந்த அம்மாள்.

பிறகு சற்று நேரம் பேசாமல் ஓட்டிவிட்டு, "மூன்று வண்டிகள் நிற்கின்றனவாம். எதுவானாலும் சரி. ஆனால் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்" என்றாள். சுயம்வரத்தில் வில்லை ஒளித்து வைத்தமாதிரி இருந்தது எனக்கு.

விற்கிறவர் ஒரு வயோதிகக் குடியானவர். தலையில் தொப்பி, வாயில் அதிகம் வார்த்தை கிடையாது. கொட்டகையின் முன்னால் மூன்று மாப்பிள்ளைகளும் குளித்து முழுகி நின்றார்கள்.

முதல் மாப்பிள்ளை ஃபோர்டு 8என். சாம்பல் நிறத் தகடு, வயிறு மட்டும் சிவப்பு. 1947-லிருந்து 1952 வரையில் இந்த வகையில் 5 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கிராமப்புறமாகக் கொஞ்ச தூரம் போனால் ஏதாவது ஒரு கொட்டகை ஓரத்தில் இது நிற்காமல் இராது. சுமார் 25 குதிரை சக்தி, பெட்ரோல் என்ஜின், நாலு கியர்.

இவருடைய ஜாதகத்தில் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

வட அயர்லாந்தில் ஹாரி ஃபெர்கூஸன் என்று ஒருவர் இருந்தார். 1909-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி, தானே செய்த ஆகாய விமானத்தில் தானே ஏறிப் பறந்த பேர்வழி. முதல் உலக யுத்த சமயத்தில் அயர்லாந்துக் குடியானவர்களுடைய டிராக்டர்களை மேற்பார்வை செய்யும் வேலை அவருக்கு வந்தது. அந்த நாளில் டிராக்டர் ஒரு பக்கம், கலப்பை ஒரு பக்கம். நடுவே ஒரு சங்கிலி. கலப்பை பாறையில் மாட்டிக்கொண்டால் பின் சக்கரம் நிற்காமல் சுற்றும். முன் பக்கம் ஆகாசத்தைப் பார்த்துத் தூக்கும். வண்டி மல்லாந்து ஓட்டுகிறவன் மேலேயே விழும். எத்தனையோ குடும்பங்கள் இப்படி அழிந்திருக்கின்றன.

ஃபெர்கூஸன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர்க் குடத்தைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்துக்கொண்டு போவதற்கும், இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அதுதான் அவருடைய யுக்தி. கலப்பையை மூன்று கைகளால், கீழே இரண்டு, மேலே ஒன்று, டிராக்டரின் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எண்ணெயின் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கவும் இறக்கவும் ஒரு சின்னப் பிடி. மண் கெட்டியாக இருந்தால் கலப்பை தானே கொஞ்சம் மேலே எழும்பும். கலப்பையின் இழுப்பு பின் சக்கரத்தை அமுக்கிப் பிடிப்பதால் எடை குறைந்த வண்டியே போதும். இன்றைக்கு உலகத்தில் எந்த டிராக்டரின் பின் பக்கத்தைப் பார்த்தாலும் இந்த மூன்று கைகள் இருக்கும்.

1938-ம் வருஷம் அக்டோபர் மாதம் ஃபெர்கூஸன் இதை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய் ஹென்றி ஃபோர்டைப் பார்த்தார். வெளியே ஒரு மேஜையைப் போட்டு, சாவி கொடுத்தால் ஓடுகிற ஒரு பொம்மை டிராக்டரை வைத்து விளக்கினாராம். ஃபோர்டு கையை நீட்டினார். இருவரும் கை குலுக்கினார்கள். அதுதான் ஒப்பந்தம்! காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை. 1939 ஜூனில் இருவருமாகச் சேர்ந்து 9என் என்ற டிராக்டரை வெளியிட்டார்கள். விலை 585 டாலர். முன்னால் வரும் எண் வருஷத்தைக் குறிக்கிறது; 39-ல் பிறந்தது 9என், யுத்த காலத்தில் 42-ல் பிறந்தது 2என். யுத்தத்தில் ரப்பர் கிடைக்காமல் போனதால் 2என் முதலில் இரும்புச் சக்கரத்தோடு வந்தது.

1945-ல் பெரியவர் ஃபோர்டு பொறுப்பிலிருந்து விலகினார். பேரப் பிள்ளை பொறுப்புக்கு வந்தவுடன் கணக்கைப் பார்த்தார். தாத்தாவின் கை குலுக்கலில் நமக்கு நஷ்டந்தான் என்று முடிவு செய்தார். கூட்டை முறித்துக்கொண்டு அதே மாதிரியாகத் தாமே ஒரு டிராக்டரை வெளியிட்டார். அதுதான் நம் சிவப்பு வயிற்று 8என். ஃபெர்கூஸன் சும்மா இருப்பாரா? 25 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1952-ல் 92½ லட்சம் டாலருக்கு ராஜியாயிற்று. பெரியவர்கள் வாய் வார்த்தையில் பேசி முடித்த பாகப் பிரிவினை பேரன் காலத்தில் கோர்ட்டு ஏறுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை அல்லவா?

கூட்டு முறியும் முன்பே, 1946 முதல், ஃபெர்கூஸன் இங்கிலாந்தில் கவெண்ட்ரியில் தம்முடைய சொந்த டிராக்டரைச் செய்ய ஏற்பாடு செய்திருந்தார். டி.இ.20 என்று பெயர். உடம்பு முழுதும் சாம்பல் நிறம். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹில்லரி இந்த டிராக்டர்களுக்குச் சக்கரத்தின் மேல் பட்டை மாட்டி, 1958 ஜனவரி 4-ந் தேதி தென் துருவத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். உருளைக்கிழங்கு வயலுக்காகப் பிறந்த வண்டி துருவத்துக்குப் போயிற்று!

போகட்டும், கதையிலிருந்து கொட்டகைக்கு வருவோம். அந்த அம்மாள் 8என்-ஐச் சுற்றி வந்தாள். முதல் காரியமாக என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எனக்குப் புரியவில்லை. "ஆறியிருக்கிறது. நல்லது. முன்னாலேயே ஓட்டிச் சூடு பண்ணி வைத்திருந்தால், குளிர்ந்த என்ஜின் எப்படிக் கிளம்பும் என்பதை மறைக்கிறார்கள் என்று அர்த்தம்" என்றாள். பிறகு எண்ணெய்க் குச்சியை உருவினாள். எண்ணெய் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறதாம். இல்லை, கறுப்பாகவே இருந்தது.

8என்-னிடம் அவளுக்குப் பிடித்தது விலை மலிவு. கை வைத்தால் புரிகிற யந்திரம். இரண்டு பிரேக்கும் வலது காலுக்கே இருப்பது. முந்திய 9என்-னில் இடது பிரேக் கிளட்ச் பக்கம் இருந்ததாம். பிடிக்காதது மூன்று. ஒன்று, 1950-க்கு முந்தியதில் மின்சாரப் பொறியைப் பங்கிடும் கருவி என்ஜினின் முன்னால் ஒளிந்துகொண்டிருக்கும்; சரி பார்க்க வேண்டுமானால் கழற்றித்தான் ஆக வேண்டும். பிந்தியதில் பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் இருப்பதைப் பார்த்து வாங்குவது உத்தமம். இரண்டாவது, மிகவும் மெள்ளப் போகத் தெரியாது. முதல் கியரிலேயே மனிதன் நடக்கிற வேகம். சுழலும் மண்வெட்டிகளை மாட்டித் தோட்டத்து மண்ணைப் பொடி செய்ய வேண்டுமானால் இந்த வேகம் ஆகாது. மூன்றாவதுதான் முக்கியம். அதை அவள் ஒரு கதையாகச் சொன்னாள்.

அந்தக் காலத்து டிராக்டர்கள் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே கிளட்ச்தான். என்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் சக்தியும், பின்னால் சுழலும் தண்டுக்குப் போகும் சக்தியும் அந்த ஒன்றுக்குள்ளேயே அடக்கம். அந்தத் தண்டில் புல் வெட்டும் கத்தியை மாட்டுகிறார்கள். கத்தியோ பாரமான இரும்பு. கிரைண்டரின் ஸ்விட்சை அணைத்த பிறகும் கல் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. கிளட்சை மிதித்து என்ஜினைப் பிரித்துவிட்டாலும், சுற்றுகிற கத்தி தண்டைச் சுற்றும்; தண்டு பல் சக்கரங்களைச் சுற்றும்; பல் சக்கரங்கள் வண்டியை முன்னால் தள்ளும். காலுக்கடியில் கிளட்ச் முழுக்க மிதிபட்டிருக்க, வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்! அவளுடைய சித்தப்பா அப்படித்தான் ஒரு நாள் வேலியை உடைத்துக்கொண்டு குளத்துக்குள் போய் உட்கார்ந்தாராம். "தொப்பி மட்டும் நனையவில்லை" என்றாள். அந்த டிராக்டரின் பெயர் நமக்கு வேண்டாம்.

இதற்கு மாற்று உண்டு. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் மட்டும் தனியாக ஓடுகிறதே, அதே தத்துவத்தில் ஒரு சின்ன இணைப்பை வாங்கித் தண்டில் மாட்டிவிட்டால் கத்தி தன் பாட்டுக்குச் சுற்றும், வண்டி நிற்கும். அதிக விலையும் இல்லை. இது தெரியாமல் பழைய டிராக்டரில் புல் வெட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

இரண்டாவது மாப்பிள்ளை ஃபார்மால் கப். கப் என்றால் குட்டி. சிவப்பு நிறம், குட்டையான உடம்பு, பார்த்தவுடன் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியார் 1947-ல் கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரில் செய்ய ஆரம்பித்தது. 1964-க்குள் 2 லட்சத்துக்கு மேல் விற்றுப் போயிற்று. சுமார் 10 குதிரை சக்திதான். ஃபார்மால் குடும்பத்துக்கு அழகான புது உருவம் கொடுத்தவர் ரேமண்ட் லோவி. ஸியர்ஸ் கம்பெனியின் கோல்ட்ஸ்பாட் ஐஸ்பெட்டிக்கு உருவம் வகுத்துக் கொடுத்த அதே மனிதர். அதனால்தானோ என்னவோ சமையலறையில் கொண்டு வைத்தாலும் பொருந்தும் போலிருந்தது!

கப்பில் ஒரு விசித்திரம் உண்டு. என்ஜின் நடுவில் இல்லை. இடது பக்கம் தள்ளியிருக்கிறது. ஓட்டுகிறவர் ஆசனம் வலது பக்கம். முதலில் எனக்கு, யாரோ தப்பாகப் பூட்டிவிட்டார்கள் என்றே தோன்றிற்று. ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மூக்குக்கு நேரே என்ஜின் மறைக்காமல், பயிர் வரிசை பாதத்துக்குக் கீழே தெரிகிறது. களை எடுக்கும்போது ஒரு பீன்ஸ் செடிகூட அடிபடாது. தண்ணீரைச் சுற்ற விடுவதற்கு பம்ப்பே கிடையாது. சூடான தண்ணீர் மேலே போகும், ஆறினது கீழே வரும் என்ற இயற்கைத் தத்துவத்திலேயே என்ஜின் குளிர்கிறது. கெட்டுப் போக ஒரு சாமான் குறைவு.

எனக்கு இந்தக் குட்டியை ரொம்பவும் பிடித்துவிட்டது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர், வீட்டைச் சுற்றி மரங்களும் காய்கறிப் பாத்திகளும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். வயிற்றுக்கு அடியில் புல் வெட்டும் கத்தியை மாட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். ஆனால் இதற்கு ஃபெர்கூஸனுடைய மூன்று கைகள் கிடையாது. பின்னால் சுழலும் தண்டின் வேகமும் சரி, திசையும் சரி, மற்ற டிராக்டர்களோடு ஒத்துப் போகாது. ஆகவே ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற கருவிகளை இரவல் வாங்கி மாட்ட முடியாது. இதற்கென்று செய்த சீர்வரிசைகளைத் தேடி அலைய வேண்டும். வாங்கும்போதே கலப்பை, கத்தி எல்லாம் சேர்த்துக் கொடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இந்த மாப்பிள்ளை வெறுங்கையோடு வந்திருந்தார். ஐந்தரை ஏக்கர் முரட்டுப் புல்லைப் பத்துக் குதிரைகள் வெட்டி முடிப்பதற்குள் முதலில் வெட்டினது மறுபடி வளர்ந்துவிடும் என்றாள் அந்த அம்மாள். எனக்கு வருத்தந்தான்.

(கப்பின் காலத்திலேயே, 1948-ல், அல்லிஸ் சால்மர்ஸ் ஜி என்று ஒன்று வந்தது. அதில் என்ஜினையே பின்னால் தூக்கிப் போட்டுவிட்டார்கள்; முன்னால் இரண்டு குழாய்கள் மட்டும். இந்நாளில் காய்கறி போடும் சிறு விவசாயிகள் சிலர் அதன் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டாரும் பாட்டரியும் வைத்து ஓட்டுகிறார்கள். அது அந்தக் கொட்டகையில் இல்லை. இருந்திருந்தால் என் மனம் இன்னும் சஞ்சலப்பட்டிருக்கும்.)

மூன்றாவது மாப்பிள்ளையைக் கண்டதும் நான் "அட!" என்றுவிட்டேன். முகம் எங்கேயோ பார்த்த முகம். மாஸி ஃபெர்கூஸன் 35. ஃபெர்கூஸன் தம் கம்பெனியை 1953-ல் கனடாவின் மாஸி ஹாரிஸோடு இணைத்துவிட்டார். அந்த வம்சத்தில் வந்தது. நம் சென்னையில் 1960-ல் டாஃபே கம்பெனி ஆரம்பமாகி, மாஸி ஃபெர்கூஸன் கூட்டுறவோடு செம்பியத்தில் டிராக்டர் செய்யத் தொடங்கினார்களே, அந்த 1035 டிராக்டர் இந்தக் குடும்பந்தான். தஞ்சாவூர்ப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் இந்த முகத்தை அறுவடைக் காலத்தில் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பெர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீஸல் என்ஜின். விற்கிறவர் கிளப்பிக் காட்டியபோது, அந்த டக டக சத்தத்தில் எனக்குச் சற்று ஊர் நினைவு வந்துவிட்டது. அமெரிக்கக் குடியானவருக்கு இது புரியுமா? நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்துப் புகை பட்டுவிட்டது என்று நினைத்துத் தள்ளி நிற்கச் சொன்னார்.

இந்த 35-ல் ஆறு கியர்கள். மெள்ளப் போ என்றால் போகும். இன்னும் முக்கியம், இதில் உயர்ந்த வகைக்கு இரட்டைக் கிளட்ச் உண்டு. மிதியைப் பாதி அமுக்கினால் சக்கரம் நிற்கும், கத்தி சுற்றிக்கொண்டிருக்கும். முழுக்க அமுக்கினால் இரண்டும் நிற்கும். சித்தப்பா குளத்துக்குப் போன கதை இதில் நடக்காது. ஆனால் 35 என்று பெயர் போட்ட எல்லா வண்டிகளிலும் இரட்டைக் கிளட்ச் இராது. சாதாரண வகையில் ஒற்றைதான். விற்கிறவர் சொல்வதை நம்பாமல் ஏறி மிதித்துப் பார்க்க வேண்டும். அவள் மிதித்துப் பார்த்தாள். இரண்டு படி இருந்தது.

அப்புறம் அவள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் ரஸித்தது. பின்னால் பாரமான கத்தியை மாட்டச் சொன்னாள். மேலே தூக்கச் சொன்னாள். என்ஜினை அணைக்கச் சொன்னாள். "வாருங்கள், காப்பி குடிக்கலாம்" என்று எங்களை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். இருபது நிமிஷம் வானிலையைப் பற்றிப் பேச்சு. திரும்பி வந்து பார்த்தால் கத்தி ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. உள்ளே எண்ணெய் கசிந்தால் தானாகத் தரைக்கு வந்துவிடுமாம். பால் தண்ணீரா என்று நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிற நம் பாட்டிமார்களின் வித்தைதான் இதுவும்!

விற்கிறவரிடம் நெப்ராஸ்கா பரிசோதனைக் காகிதங்களும் இருந்தன. 1919-ல் அந்த மாகாணத்தார் ஒரு சட்டம் செய்தார்கள். அங்கே விற்கிற டிராக்டர்களை லிங்கன் நகரத்துச் சர்வகலாசாலையில் ஓட்டிப் பரீட்சித்து, விளம்பரத்தில் சொல்வது உண்மையா என்று அச்சுப் போட வேண்டும் என்று. அதற்குக் காரணம் வில்மட் குரோஜியர் என்ற விவசாயி. ஃபோர்டு என்ற பெயரைப் பார்த்து அவர் ஒரு டிராக்டரை வாங்கினார். அதற்கும் ஹென்றி ஃபோர்டுக்கும் சம்பந்தமே இல்லை. மினியாபொலிஸில் யாரோ அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்! வண்டி உழவில்லை. குரோஜியர் சட்டசபைக்குப் போனார், சட்டம் வந்தது. ஏமாந்த ஒருவருடைய கோபத்தால் நூறு வருஷமாக ஊருக்கெல்லாம் உபகாரம். அந்தக் காகிதங்களைப் பார்த்து மூன்று மாப்பிள்ளைகளின் பலத்தையும் எண்ணெய்ச் செலவையும் ஒத்துப் பார்க்க முடிந்தது.

விலை கேட்டாள். 8என் 2,400 டாலர், கப் 2,000, மாஸி 3,900. அவள் மாஸியின் சக்கரத்தைச் சுட்டிக்காட்டி, டயர் வெடித்திருக்கிறது என்றாள். உள்ளே பாரத்துக்காக உப்புத் தண்ணீர் நிரப்புவது வழக்கமாம்; அது கசிந்து சக்கரத்து இரும்பை அரிக்க ஆரம்பித்திருந்தது. 3,500-க்கு வந்தார். கை குலுக்குவார்கள் என்று நினைத்தேன்.

"இனிமேல் என் நிபந்தனை" என்றாள் அவள். "ஆசனத்துக்குப் பின்னால் வண்டி கவிழ்ந்தால் தாங்குகிற இரும்பு வளைவும், இடுப்புப் பட்டையும் போட்ட பிறகுதான் நான் எடுத்துக்கொள்வேன்."

விற்கிறவர் சிரித்தார். "இது பிறந்த காலத்தில் அதெல்லாம் கிடையாது. எங்கள் அப்பா ஐம்பது வருஷம் ஓட்டினார். நானும் ஓட்டுகிறேன். நாங்கள் எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறோம்?"

"நன்றாக இல்லாமல் போனவர்கள் இங்கே வந்து சொல்ல மாட்டார்கள்" என்றாள் அவள்.

கொட்டகையில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு அவளே சொன்னாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தகப்பனார் தோட்டத்தில் ஒரு மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சங்கிலியைக் கீழே இழுப்புக் கம்பியில் மாட்டாமல், நல்ல பிடி கிடைக்கட்டும் என்று உயரே அச்சின் மேல் கட்டினார். கட்டை அசையவில்லை. வண்டியின் முன் சக்கரங்கள் எழும்பின. இவள் சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "கையிலிருந்த தட்டை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் முடிந்துவிட்டது."

அது மிகையல்ல. முன் பக்கம் எழும்ப ஆரம்பித்த பிறகு முக்கால் விநாடிக்குள் திருப்ப முடியாத கட்டம் வந்துவிடுகிறது. ஒன்றரை விநாடியில் தரை. கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளைக்கு எட்டுவதற்கு முன்னால் எல்லாம் நடந்துவிடுகிறது. டிராக்டர் பேரில் குற்றமில்லை. சங்கிலி உயரே இருந்ததுதான் குற்றம்.

ஸ்வீடன் தேசத்தில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு இந்த வளைவு இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1985-லிருந்துதான் கம்பெனிக்காரர்கள் எல்லா வண்டிகளுக்கும் தாமாகவே போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பழைய வண்டிகளுக்குப் பிறகு வாங்கி மாட்டலாம். நியூயார்க் மாகாணத்தில் 2006-ல், மாட்டுகிறவர்களுக்குச் செலவில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு ஆரம்பமாகி, மற்ற மாகாணங்களுக்கும் பரவியிருக்கிறது. தெருக்கோடி வெல்டரிடம் நாலு குழாயைக் கொடுத்து வளைத்துக்கொள்வது பிரயோஜனமில்லை. வண்டியின் எடை மேலே விழும்போது அச்சோடு சேர்ந்து தாங்குகிறதா என்று பரீட்சை செய்ததாக இருக்க வேண்டும். இன்னொன்று: வளைவு இருந்தால் பட்டையைக் கட்டாமல் ஓட்டக்கூடாது, வளைவு இல்லாத வண்டியில் பட்டையைக் கட்டவே கூடாது. இந்த இரண்டாவது சங்கதி எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. யோசித்துப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது.

அந்த அம்மாள் மாஸி 35-க்கு எந்த வளைவு பொருந்தும், எங்கே கிடைக்கும் என்பதை முன்னமே விசாரித்துக் காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். கிழவர் தொப்பியைக் கழற்றி, அதன் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார். "வளைவை நீ வாங்கு. மாட்டுகிற கூலி வேண்டாம். நானே மாட்டிக் கொண்டுவந்து விடுகிறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு எது பிடித்தது?" என்று கேட்டார். நான் வெட்கத்தோடு குட்டி கப்பைக் காட்டினேன். "புத்திசாலி" என்றார். எனக்கு ஏற்பட்ட பெருமையைக் கேட்க வேண்டாம்.

மூன்று வாரம் கழித்து மாஸி வந்து சேர்ந்தது. பின்னால் கறுப்பு வளைவு. ஆசனத்தில் புதுப் பட்டை. சுழலும் தண்டுக்கு மேல் ஒரு மூடி. மூடியை அவள் தனியாக வாங்கிப் போட்டாளாம். தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது, அதாவது விநாடிக்கு ஒன்பது. சட்டைக் கையின் ஒரு நூல் மாட்டினாலும் போதும். அவள் இதைச் சொல்லும்போது என் புடவைத் தலைப்பை ஒரு பார்வை பார்த்தாள். நான் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தேன்.

என் பேரன் விட்டால்தானே! சக்கரத்தின் மேல் மூடித் தகடு இருக்கிறதே, அதில் தன்னை உட்கார வைத்துக்கொண்டு ஒரு சுற்று வரச் சொல்லி அடம் பிடித்தான். அவளிடம் நடக்கவில்லை. "ஒரு ஆசனம், ஒரு ஆள்" என்றுவிட்டாள். அவன் உதட்டைப் பிதுக்கி அழத் தயாரானான். என் பெண்கூட, "மெள்ளத்தானே ஓட்டப் போகிறீர்கள், ஒரே ஒரு சுற்று" என்று சிபாரிசு செய்தாள். அதற்கும் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

அன்றைக்குப் புல்லெல்லாம் வெட்டி முடித்துவிட்டு, வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, கத்தியைத் தரையில் இறக்கிவிட்டு, சாவியை எடுத்துத் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம் அவனைத் தூக்கி ஆசனத்தில் உட்கார வைத்து, பட்டையைக் கட்டிவிட்டாள். அவன் அரை மணி நேரம் ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டு வாயாலேயே டக டக என்று ஓட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் கொட்டகை வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்தோம்.